தஞ்சாவூரில் கச்சேரி எப்போது, எங்கே? செயலியில் தேடாதீர்கள், பஞ்சாங்கத்தைப் பிரியுங்கள்

கேள்வி இதுதான்: மாற்றலாகித் தஞ்சாவூருக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. கலைக்குப் பேர் போன ஊர் என்றார்கள். டிக்கெட் விற்கும் செயலியில் பார்த்தால் சினிமாவைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. இங்கே என்னதான் நடக்கிறது, எப்போது நடக்கிறது, எப்படித் தெரிந்துகொள்வது?

செயலியில் கிடைக்காது. இந்த ஊரில் நடக்கும் பெரிய நிகழ்ச்சிகளில் முக்கால்வாசிக்கு டிக்கெட்டே கிடையாது. நிலையான ஆங்கிலத் தேதியும் கிடையாது. நட்சத்திரமும் திதியும்தான் தேதி. ஒரு பாம்புப் பஞ்சாங்கமோ, திதி நட்சத்திரம் போட்ட தினசரிக் காலண்டரோ வாங்கி ஆணியில் மாட்டுங்கள். கீழே சொல்வதைப் பார்த்து ஏழெட்டு நாட்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டுவிட்டால் வருடத்துக்கு அது போதும்.

முதலில், புதிதாக வருபவர்கள் வழக்கமாகச் சறுக்கும் ஓர் இடம். பஞ்சாங்கத்தில் நாள் என்பது சூரிய உதயத்தில் தொடங்கி மறு உதயத்தில் முடிவது. "வைகாசி மூலம் இரவு" என்று நோட்டீசில் போட்டிருந்தால் அந்தத் தேதியின் இரவு பத்து மணிக்குத் தொடங்கி, ஆங்கிலக் கணக்கில் மறுநாளாகிவிட்ட விடியற்காலை வரை என்று பொருள். நள்ளிரவுக்கு மேல் நடப்பதைப் பற்றிக் கேள்விப்பட்டு, அடுத்த நாள் ராத்திரி சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு வருபவர்கள் காலியான வீதியைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். இன்னொன்று: ஒரே தமிழ் மாதத்தில் ஒரு நட்சத்திரம் இரண்டு முறை வருவதுண்டு. அந்த வருடங்களில் நீங்களே முடிவு செய்யாமல் கோயில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஜனவரியிலிருந்து ஆரம்பிக்கலாம். திருவையாறு தியாகராஜ ஆராதனை. "தை மாதம் பகுள பஞ்சமி" என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான் சரி. தியாகராஜர் சமாதியடைந்தது 1847 ஜனவரி 6. திதி, சந்திரனை வைத்து மாதம் எண்ணும் சாந்திரமானக் கணக்கில் புஷ்ய பகுள (தேய்பிறை) பஞ்சமி. சாந்திரமானப் புஷ்யம் சூரியனை வைத்து எண்ணும் நம் சௌரமானத் தை மாதத்தோடு ஒட்டி ஓடாது. அதனால் சில வருடம் ஆராதனை மார்கழியிலேயே முடிந்துவிடும். 2023-இல் ஜனவரி 11, 2024-இல் ஜனவரி 30, 2025-இல் ஜனவரி 18. பொங்கல் முடியட்டும், போகலாம் என்று இருந்தவர்கள் 2023-இல் கோட்டை விட்டார்கள். சுலபமான கணக்கு ஒன்று உண்டு. ஜனவரியில் வரும் முதல் பௌர்ணமியைப் பாருங்கள்; அதிலிருந்து நாலைந்து நாளில் பஞ்சமி. ஐந்து நாள் உற்சவம். கச்சேரி முன்கூட்டியே தொடங்கிப் பஞ்சமியில் நிறைவடையும்.

பஞ்சமியன்று காலை என்ன நடக்கும் என்ற வரிசையைத் தெரிந்துகொண்டு போனால்தான் ரசிக்க முடியும். திருமஞ்சன வீதியில் தியாகராஜர் வாழ்ந்த இல்லத்திலிருந்து உஞ்சவிருத்தி பஜனை (பாடிக்கொண்டே பிச்சை ஏற்கும் ஊர்வலம்) புறப்பட்டுக் காவிரிக்கரைச் சமாதிக்கு வரும். பிறகு நாகஸ்வரம். அடுத்து புல்லாங்குழல்காரர்கள் எல்லோருமாகச் சேர்ந்து பைரவியில் "சேதுலாரா" வாசிப்பார்கள். அதைக் கேட்டதும் பந்தலில் பேச்சு அடங்கும், ஏனென்றால் அடுத்தது பஞ்சரத்னம், தியாகராஜரின் ஐந்து பெரிய கீர்த்தனைகள். நாட்டையில் "ஜகதானந்தகாரக", கௌளையில் "துடுகுகல", ஆரபியில் "சாதிஞ்செனெ", வராளியில் "கனகனருசிரா", ஸ்ரீ ராகத்தில் "எந்தரோ மகானுபாவுலு". ஐந்தும் ஆதி தாளம். கூடத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்த வித்வான்கள் பாடப்பாட உள்ளே தியாகராஜர் விக்கிரகத்துக்கு அபிஷேகம் நடக்கும். காலை 9 மணி வாக்கில் தொடங்கினால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பத்து மணிக்கு வந்து சேருபவருக்குக் கிடைப்பது கூட்ட நெரிசலும் கற்பூர வாசனையும்தான். தஞ்சாவூரிலிருந்து 13 கி.மீ. என்று நினைத்து எட்டே காலுக்குக் கிளம்பாதீர்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வழியில் வரிசையாகப் பாலங்கள், அன்றைக்கு ஒவ்வொன்றிலும் வண்டி தேங்கும். ஆறு மணிக்குள் பழைய பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறிவிடுங்கள். (புதிய பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிற்காதீர்கள், திருவையாற்று டவுன் பஸ் பழைய ஸ்டாண்டில்தான்.)

சேர்ந்து பாடத் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மனப்பாடம் என்று நம்பிக் கைவீசிப் போகாதீர்கள். ஸ்வர சாகித்யங்கள் (ஸ்வரமாகவும் வார்த்தையாகவும் பாடும் பகுதிகள்) நீளமானவை. "சாதிஞ்செனெ"யில் ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவிக்குப் போகாமல் "சமயானிகி தகு மாடலாடெனெ" என்ற வரிக்குத் திரும்பும் இடத்தில்தான் தனியாகப் பழகியவர்கள் தடம் மாறுவார்கள். ஒரு சரணத்தை விட்டு அடுத்ததற்குத் தாவினால் பக்கத்தில் இருப்பவரும் தடுமாறுவார். அச்சிட்ட சாகித்யத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் வாயை மூடிக்கொண்டு தாளம் போடுங்கள். ஒருவரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

என்னைக் கேட்டால், இசை கேட்கப் பஞ்சமி ஏற்ற நாளில்லை. அது கலந்துகொள்ளும் நாள். கேட்க வேண்டுமானால் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மாலை ஆறு மணிக்குப் போய்ப் பந்தலில் தரையில் உட்காருங்கள். ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். பெரிய வித்வானும் ஒரே கீர்த்தனையில் எழுந்துவிடுவார், அடுத்து வருவது யாரும் கேள்விப்படாத ஓர் இளைஞராக இருக்கும். பெயர் பார்த்து நேரம் குறித்துப் போனால் ஏமாற்றம்தான். மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தால் இருபது பேரைக் கேட்டிருப்பீர்கள். மேட்டூர் அணையை மூடும் வழக்கமான நாள் ஜனவரி 28 என்பதால் பெரும்பாலான வருடங்களில் அப்போது காவிரியில் தண்ணீர் ஓடும். ஆற்றங்கரைப் பனி லேசுப்பட்டதில்லை, ஒரு சால்வையும் உட்கார ஒரு துண்டும் எடுத்துப் போங்கள். சமாதிக்கு நேரே கைகூப்பி அமர்ந்த நிலையில் ஓர் அம்மையாரின் சிலை இருக்கும். பெங்களூர் நாகரத்தினம்மாள். இடத்தை வாங்கி, சமாதிக்குக் கோயில் எழுப்பி, 1926-இல் குடமுழுக்கு செய்தவர். பெரிய கட்சி, சின்ன கட்சி என்று ஆண்கள் பிரிந்து நின்று பெண்களைப் பாட விடாமலிருந்த காலத்தில் 1927-இல் பெண்கள் கட்சி என்று தனியாகவே ஓர் ஆராதனையைத் தொடங்கியவரும் அவர்தான். மூன்றும் ஒன்றான பிறகுதான், 1941 முதல், இன்று பார்க்கும் ஒரே ஆராதனை. இன்று பஞ்சரத்னத்தில் ஆண்களுக்கு எதிர்வரிசையில் பெண்கள் உட்கார்ந்து பாடுவது தானாக வந்த உரிமை இல்லை.

அடுத்து மாசி மகா சிவராத்திரி. பெரிய கோயிலில் பிரகன்நாட்டியாஞ்சலி, பல நாள் மாலைகளில் நடக்கும். அதே வாரத்தில் 1981-இல் தொடங்கிய சிதம்பரம் நாட்டியாஞ்சலி, கும்பகோணம், மயிலாடுதுறை என்று டெல்டா முழுக்கச் சலங்கைச் சத்தம்தான். வெளியூர்க் குழுக்கள் ஊர் ஊராக ஆடிக்கொண்டே வருவதால் தஞ்சையில் தவறவிட்ட குழுவை மறுநாள் கும்பகோணத்தில் பிடித்துவிடலாம். பெரிய கோயிலில் மேடைக்கு நேரே உட்கார வேண்டுமானால் வெயில் தாழ்ந்ததும் போய்விட வேண்டும், ஆனால் ரொம்ப முன்னால் போனால் பகலெல்லாம் காய்ந்த கருங்கல் தரை சுடும். ஒரு கனத்த விரிப்பு அவசியம். விமானத்தின் மேல்தளச் சுற்றில் 108 கரணங்களை, அதாவது நடன நிலைகளை, செதுக்கத் திட்டமிட்டு 81-ஐ முடித்திருக்கிறார்கள், மிச்சம் 27-க்குக் கல் மட்டும் வெறுமையாக நிற்கிறது. அங்கே பொதுமக்களை விடுவதில்லை. அண்ணாந்து தேடாதீர்கள், கீழிருந்து தெரியாது.

சித்திரையில் இரண்டு. பெரிய கோயில் சித்திரைத் திருவிழா 18 நாள். நெடுங்காலம் நின்றுபோயிருந்த தேர் 2015-இல் புதிதாகச் செய்து மறுபடி ராஜவீதிகளில் ஓடத் தொடங்கியது. சித்திரை விசாகத்தில் திருவையாறு ஏழூர்த் திருவிழா. திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று கண்ணாடிப் பல்லக்கு தோளில் சுற்றி வந்து, மறுநாள் மாலை திருவையாற்றில் முடியும்போது ஒரு பொம்மை சுவாமிக்குப் பூப்போடும். குழந்தைகளோடு போகிறவர்கள் ஏழூரும் நடக்க வேண்டாம், அந்தப் பூப்போடும் பொம்மைக்கு மட்டும் போனாலே போதும்.

கோடையில் தவற விடக்கூடாதது மெலட்டூர் பாகவத மேளா. தஞ்சாவூரிலிருந்து சுமார் 18 கி.மீ. நாயக்க மன்னர் அச்சுதப்பர் 510 அந்தணக் குடும்பங்களுக்குக் கொடுத்த ஊர். தியாகராஜர் காலத்தவரான மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி எழுதிய தெலுங்கு நாடகங்களை, பெண் வேடம் உள்பட ஆண்கள் மட்டுமே ஆடுவார்கள். நரசிம்ம ஜயந்தியன்று பிரகலாத சரித்திரம். இதுவும் சாந்திரமானக் கணக்குதான்: வைசாக வளர்பிறைச் சதுர்த்தசி, அதாவது பெரும்பாலும் மே மாதப் பௌர்ணமிக்கு முந்தின நாள். அடுத்தடுத்த இரவுகளில் ஹரிச்சந்திரா, உஷா பரிணயம், மார்க்கண்டேயர் என்று மற்ற நாடகங்கள். சாலியமங்கலத்திலும் இதே சமயத்தில் உண்டு. ஒரே இரவில் இரண்டு ஊரையும் பார்த்துவிடலாம் என்று ஓடினால் இரண்டும் அரைகுறையாகும்.

தெலுங்கு புரியாதே என்று தயங்க வேண்டாம், கதை நமக்குத் தெரிந்தது. ஆனால் நாடகத்தின் ஓட்டம் தெரியாவிட்டால் இரண்டு மணி நேரத்தில் எழுந்து போய்விடத் தோன்றும். முதலில் கோணங்கி வந்து குதித்து ஆடிச் சிரிக்க வைப்பான். பிறகு தோடய மங்களம் என்ற தொடக்கத் துதிப்பாட்டு. முகமூடி போட்ட ஒரு சின்னப் பையன் பிள்ளையாராக வந்து போவான். கட்டியக்காரன் அறிவித்த பிறகே இரணியன் நுழைவு. ஒவ்வொரு பாத்திரமும் தனக்கென்று அமைந்த பிரவேச தருவோடு (நுழைவுப் பாட்டோடு), திரைக்குப் பின்னாலிருந்து மெல்ல மெல்ல வெளிப்படும். இந்த நுழைவுகளே நேரம் எடுக்கும், அவசரப்பட்டால் அலுக்கும். அதை ஒரு ராக ஆலாபனை மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். தாய் லீலாவதி பிரகலாதனுக்காகக் கலங்கும் இடம் நள்ளிரவு தாண்டி வரும். அபிநயம் பார்க்க வருபவர்கள் காத்திருப்பது அதற்குத்தான். பெரும்பாலோர் அதற்குள் தூங்கியிருப்பார்கள்.

விடியும் முன் நரசிம்மர். அந்த முகமூடி வெறும் நாடகப் பொருள் அல்ல, கோயிலில் வைத்துப் பூஜிக்கப்படுவது. அதை அணிபவர் அன்று விரதம். தூண் பிளந்து வந்ததும் இரணியனோடு வாக்குவாதம் நடக்கும். முகமூடிக்காரருக்கு ஆவேசம் ஏறும்போது இருபுறமும் ஆட்கள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மேடையோரமாக உட்கார்ந்திருந்தால் அவர் மூச்சு முகமூடிக்குள் மோதுவது கேட்கும். அந்த நேரத்தில் எழுந்து நின்று செல்போன் பிடிப்பதை ஊர்க்காரர்கள் ரசிக்க மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குப் போங்கள். பாய், விசிறி, கொசுவுக்கு ஏதாவது ஒரு தைலம், தண்ணீர். திரும்ப விடிந்த பிறகுதான் பஸ். பைக்கில் போனால் தூக்கக் கலக்கத்தோடு உடனே கிளம்பாமல் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

வைகாசிதான் ஊருக்குள்ளேயே இருந்துகொண்டு பலர் தவறவிடும் மாதம். ஞானசம்பந்தர் குருபூஜை வைகாசி மூலம். அன்றிரவு நகரக் கோயில்களின் பிள்ளையாரும் முருகனும் ஆளுக்கொரு முத்துப்பல்லக்கில் கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என்று வருவார்கள். கண்டுபிடிக்க எளிய வழி: எல்லோருக்கும் தெரிந்த வைகாசி விசாகத்திலிருந்து எண்ணுங்கள். அனுஷம், கேட்டை, மூலம், ஆக மூன்றாம் நாள்.

பல்லக்கு அலங்காரத்தைப் பார்க்கக் கூட்டம் வரும். நீங்கள் மேளத்துக்குப் போங்கள். புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் மல்லாரி (சுவாமி புறப்பாட்டுக்கென்றே உள்ள நாகஸ்வர உருப்படி), பிறகு நிற்கிற இடமெல்லாம் ராகம். எங்கே நிற்பது என்பதுதான் கேள்வி. பல்லக்கு நகரும்போது நாயனம் (நாகஸ்வரம்) சுருக்கமாகத்தான் போகும். சுவாமியை நிறுத்தி உபசரிக்கும் மண்டகப்படிக்காரர் வீட்டு வாசலிலும் வீதி மூலையிலும் பல்லக்கை இறக்கும்போதுதான் வாசிப்பவர் நின்று விஸ்தாரம் செய்வார், தவில்காரர்கள் எதிரெதிரே திரும்பித் தனி ஆவர்த்தனத்தைத் தொடங்குவார்கள். ஆகவே பல்லக்கின் பின்னால் நடக்காதீர்கள், ஒரு மூலையைப் பிடித்து நின்றுவிடுங்கள். வரிசையாக எல்லாச் செட்டும் அங்கே வந்தே தீரும். ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்காமல் நாயனத்தின் அணசுக்கு (விரிந்த அடிவாய்க்கு) நாலைந்து முழம் தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள். நேர் எதிரே நின்றால் பத்து நிமிடத்தில் காது அடைத்துக்கொள்ளும். இரண்டு பல்லக்குகள் நெருங்கிவிட்டால் இரண்டு மேளமும் ஒன்றையொன்று விழுங்கும். அப்போது எது நல்ல செட் என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கிட்டே நின்றால் ஒன்று கவனிக்கலாம். நாயனத்தின் கழுத்தில் நூலில் கட்டிய நாலைந்து சீவாளிகளும் ஒரு தந்தக் குச்சியும் தொங்கும். சீவாளி என்பது வாயில் வைத்து ஊதும் துண்டு, கொறுக்கைத் தட்டையில் செய்வது. எச்சில் ஊறியும் இரவு ஈரத்திலும் தளர்ந்துபோனால் மேல் ஸ்தாயியில் ஸ்வரம் இறங்கிப் பேசும். வாசிப்பவர் சட்டென்று நிறுத்தி, பக்கத்தவர் ராகத்தைப் பிடித்துக்கொள்ள, வேறொன்றை நாக்கில் நனைத்து, குச்சியால் வாயைத் திறந்து, செருகிக்கொண்டு விட்ட இடத்தில் சேர்ந்துகொள்வார். அந்த அரை நிமிடத்தில் ஜோடி எவ்வளவு பழகிய ஜோடி என்பது தெரிந்துவிடும்.

மூலத்திலிருந்து மூன்றாம் நாள் திருவோணம்: வெண்ணாற்றங்கரையில் கூடும் இருபதுக்கு மேற்பட்ட பெருமாள்கள் கருட வாகனத்தில் காலையில் ராஜவீதிக்கு வருவார்கள். கொடிமரத்து மூலையில் காலை ஏழு மணிக்கு நின்றால் வரிசையாக எல்லோரையும் சேவிக்கலாம். பதினோரு மணிக்கு மேல் வெயில் நிற்க விடாது. மறுநாள் அதே பெருமாள்களில் பலர் வெண்ணெய்த்தாழியோடு நவநீத சேவைக்கு வருவார்கள்.

ஆடி, ஆவணியில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, அம்மன் கோயில் தெருக்களில் கரகமும் நையாண்டி மேளமும் உண்டு. நவராத்திரி மாலைகளில் பெரிய கோயிலில் பாட்டும் நடனமும். அதன்பின் ஐப்பசிச் சதயம், ராஜராஜன் பிறந்த நட்சத்திரம். ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்கு நாலைந்து நாள் முன்னால் வரும். முதல் நாள் கருத்தரங்கமும் மேடைப் பேச்சும். நேரமில்லை என்றால் அதை விட்டுவிடலாம். இரண்டாம் நாள் காலையைத்தான் விடக்கூடாது. திருமுறைகளை ஊர்வலமாக எடுத்து வர, ஓதுவார்கள் பண்ணோடு பாடிக்கொண்டு வீதியில் நடப்பார்கள். இந்தக் கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடும் பெண்களை, குடியேற்றி, ஒருவருக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் கொடுத்ததையும், திருப்பதியம் (தேவாரம்) பாட 48 பேரை அமர்த்தியதையும் ராஜராஜன் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். அந்தப் பாட்டு வழியின் மிச்சம்தான் அந்த ஊர்வலம். 2010-இல் கோயிலின் ஆயிரமாவது ஆண்டில் பத்மா சுப்ரமணியம் தலைமையில் 1000 பேர் ஒரே நேரத்தில் இங்கே ஆடினார்கள் என்பதை ஊரில் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஆங்கிலத் தேதி போட்டு நடக்கும் நிகழ்ச்சிகள் வேண்டுமென்றால் மருத்துவக் கல்லூரிச் சாலையில் தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது. 1986-இல் தொடங்கியது. பல மாநில நாட்டுப்புறக் குழுக்களை வரவழைத்து நடத்தும் சலங்கை நாதம் அவர்களுடைய பெரிய விழா. கட்டணம் இல்லாத நிகழ்ச்சிகளே அதிகம். சிரமம் விளம்பரத்தில்தான்: முந்தின நாள் உள்ளூர்ப் பத்திரிகையில் இரண்டு வரி வரும், வராமலும் போகும். வாசல் அறிவிப்புப் பலகையை மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பதே நிச்சயமான வழி. திருவையாறு அரசு இசைக் கல்லூரிப் பக்கம் போகும்போதும் அப்படியே. மார்கழியில் வித்வான்கள் பலர் சென்னை சீசனுக்குப் போய்விடுவதால் இங்கே கச்சேரி குறைவாக இருக்கும். அந்த மாதத்தை வைத்து ஊரை எடை போடாதீர்கள்.

எதுவும் நடக்காத ஒரு சனிக்கிழமை காலையில் மேல வீதியில் நடந்து பாருங்கள். சியாமா சாஸ்திரி பூஜித்த பங்காரு காமாட்சி கோயிலும், பரதநாட்டியக் கச்சேரியின் மார்க்கத்தை இன்றைய வரிசையில் அமைத்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நால்வரின் இல்லமும் அதே தெருவில்தான். வீணை செய்யும் பட்டறைக்குப் போவதென்றால் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள். பலாமரத்தைக் குடைவதைப் பார்க்க வேண்டுமென்றால் காலை, மேளம் கட்டுவதை (மெட்டுகளைப் பொருத்துவதை) பார்க்க வேண்டுமென்றால் அது நடக்கும் நாளைச் சொல்லச் சொல்லுங்கள். மெழுகை உருக்கி, அது இறுகுவதற்குள் 24 மெட்டுகளையும் காதால் கேட்டுக் கேட்டு நிறுத்தும் வேலை அது. பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுக்காதீர்கள், சுருதி விலகிவிடும்.